படைச் செலவும் வளர்ச்சி உதவியும்: வைப்பின் தீவு காட்டும் பாடம்

ஓர் அரசு எவற்றை இன்றியமையாதவை எனக் கருதுகிறது என்பதை அதன் நிதிநிலை அறிக்கையைக் கொண்டு அறியலாம். உலக நாடுகள் படைகளுக்குச் செலவிடும் தொகையையும், ஏழை நாடுகளின் வளர்ச்சிக்கு வழங்கும் தொகையையும் ஒப்பிட்டுக் காட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இரண்டு தொகைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகப் பெரிது. ஆயினும், தொகைகளை அருகருகே வைப்பதால் மட்டும் முழு உண்மை புலப்படுவதில்லை. இவ்விரு வகைச் செலவுகளின் சுவடுகளையும் ஒருங்கே காணக்கூடிய இடம் கேரளத்தின் கொச்சித் துறைமுகப் பகுதியாகும்.

வைப்பின் கண்ட இரு வருகைகள்

கொச்சித் துறைமுக முகத்துவாரத்தின் வடகரையில் தொடங்கி, முனம்பம் வரை நீண்டு கிடப்பது வைப்பின் தீவு. மேற்கே அரபிக்கடல், கிழக்கே காயல். தீவின் வட பகுதியில் உள்ள பள்ளிப்புரம் கோட்டையைப் போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டினர். 1661இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். 1789இல் திருவிதாங்கூருக்கு விற்றனர்.

அதே நெதர்லாந்து நாடு, 1980களில் வேறொரு நோக்கத்துடன் வைப்பினுக்கு வந்தது. நாற்புறமும் நீர் சூழ்ந்திருந்தும் இத்தீவில் குடிநீர் அரிது; நிலத்தடி நீரில் உப்புக் கலந்துவிடுவதே இதற்குக் காரணம். நெதர்லாந்து அரசின் உதவியுடன் கேரளத்தில் மேற்கொள்ளப்பட்ட குடிநீர்த் திட்டங்களுள் வைப்பின் திட்டமும் ஒன்று. குழாய் பதிப்பதோடு பணி முடிந்துவிடாது என்பதை உணர்ந்து, நெதர்லாந்து, டென்மார்க் நாடுகளின் ஆதரவுடன் 1988இல் சமூகப் பொருளாதாரப் பிரிவுகள் நிறுவப்பட்டன. மக்களின் பங்கேற்பையும் சுகாதாரக் கல்வியையும் வளர்ப்பது இவற்றின் பொறுப்பாக இருந்தது.

துறைமுகத்தின் மற்றொரு பக்கத்தில் படைச் செலவின் சான்றுகள் உள்ளன. இந்தியக் கடற்படையின் தென்மண்டலத் தலைமையகம் கொச்சியில் அமைந்துள்ளது. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவான விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்த், 2022 செப்டம்பர் 2ஆம் நாள் கடற்படையில் சேர்க்கப்பட்டது. இதற்கு ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய் செலவாயிற்று.

நார்வேயின் முதல் உதவி

இந்தக் கடற்கரைக்கு வந்த வெளிநாட்டு உதவிகளுள் முன்னோடியானது இந்திய-நார்வே மீன்வளத் திட்டம். 1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அமைப்பு ஆகிய மூன்றும் இதற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டன. கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரை ஆகிய ஊர்களில் பணி தொடங்கியது. 1963இல் கொச்சிக்கும் விரிவடைந்தது.

இத்திட்டத்தின் பிறப்பிலேயே படைச் செலவுக்குப் பங்கு உண்டு. 1949இல் நேட்டோ அமைப்பில் சேர்ந்த நார்வே, தன் பாதுகாப்புச் செலவை உயர்த்தியது. ஆளும் தொழிற்கட்சியின் ஒரு பிரிவினருக்கு இதில் மனக்குறை இருந்தது. அக்குறையைத் தணிக்கும் அமைதிப் பணியாகவும் வெளிநாட்டு உதவி அமைந்தது என வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். ஆக, ஒரு நாட்டின் உதவிக் கணக்கும் படைக் கணக்கும் தொடக்கத்திலேயே ஒன்றையொன்று தொட்டு நின்றன.

பயன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிட்டவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். இயந்திரப் படகுகளும் இழுவலைகளும் பரவின. இறால் ஏற்றுமதி பெருகியது. ஆனால் முதலீடு செய்ய இயலாத பாரம்பரிய மீனவர்கள், தம் மீன்வளம் குறைவதாகப் போராட நேர்ந்தது. 1988 முதல் கேரள அரசு மழைக்காலத்தில் இழுவலை மீன்பிடிப்புக்குத் தடை விதித்து வருகிறது. உதவி என்ற பெயர் பெற்ற செலவெல்லாம் அனைவருக்கும் நன்மை தருவதாகாது.

உலகக் கணக்கு

1980இல் வெளியான பிராண்ட் குழுவின் அறிக்கை, உலகின் ஆண்டுப் படைச் செலவு 45,000 கோடி டாலரை நெருங்குவதாகவும், அரசுமுறை வளர்ச்சி உதவி 2,000 கோடி டாலருக்கும் குறைவு என்றும் கூறியது. அதாவது, உதவியைப் போல் 22 மடங்குக்கு மேல் படைக்குச் சென்றது.

ஸ்டாக்ஹோம் பன்னாட்டு அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணிப்பின்படி, 2024இல் உலகப் படைச் செலவு ஏறத்தாழ 2,71,800 கோடி டாலர். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் முதற்கட்ட மதிப்பீட்டின்படி, அதன் வளர்ச்சி உதவிக் குழு நாடுகள் அவ்வாண்டில் வழங்கிய உதவி ஏறத்தாழ 21,200 கோடி டாலர். இது சுமார் 13 மடங்கு வேறுபாடாகும்.

இடைவெளி சுருங்கிவிட்டது என்று இதைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. உதவியைக் கணக்கிடும் முறையே மாறியுள்ளது. கொடை நாட்டுக்குள் வந்து சேரும் அகதிகளைப் பேணும் செலவும் உதவியாகவே எண்ணப்படுகிறது. 2024இல் மொத்த உதவியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இவ்வகையைச் சார்ந்தது. அத்தொகை ஏழை நாட்டின் எல்லைக்குள் செல்வதே இல்லை. மறுபுறம், படைச் செலவு முழுவதும் போர்க்கருவிகளுக்கே போவதும் இல்லை. ஊதியமும் ஓய்வூதியமும் அதில் அடங்கும். 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது கடற்படை மீட்புப் பணியில் ஈடுபட்டது. கொச்சிப் பன்னாட்டு விமான நிலையம் மூடப்பட்டிருந்த நாட்களில் கடற்படையின் விமானத்தளம் பயணிகள் விமானங்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

உறுதியில் உள்ள வேறுபாடு

தொகையைவிட முக்கியமான வேறுபாடு, செலவின் உறுதியில் உள்ளது. செல்வ நாடுகள் தம் மொத்த தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவியாக வழங்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1970 அக்டோபரில் தீர்மானித்தது. 2024இல் வளர்ச்சி உதவிக் குழுவில் இந்த இலக்கை எட்டியவை நார்வே, லக்சம்பர்க், சுவீடன், டென்மார்க் ஆகிய நான்கே. படைச் செலவிலோ இலக்குகள் உயர்ந்துகொண்டே செல்கின்றன. நேட்டோ நாடுகள் 2014இல் உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதம் என்று குறித்துக்கொண்ட இலக்கை, 2025 ஜூனில் கூடியபோது, பாதுகாப்பு சார்ந்த பிற செலவுகளையும் சேர்த்து, 2035க்குள் 5 சதவீதம் என உயர்த்தின.

ஒன்றைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டும் போக்கும் வெளிப்படையாகவே தோன்றியுள்ளது. உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 2027க்குள் 0.3 சதவீதமாகக் குறைத்து, அத்தொகையைப் பாதுகாப்புச் செலவை உயர்த்தப் பயன்படுத்தப் போவதாகப் பிரிட்டன் 2025 பிப்ரவரியில் அறிவித்தது. காரணம் எளிது. பாதுகாப்புச் செலவால் காக்கப்படுவோர் அந்நாட்டு வாக்காளர்கள். உதவியால் பயன்பெறுவோருக்கு அங்கு வாக்கு இல்லை.

இவ்வேறுபாட்டின் விளைவை வைப்பினில் காணலாம். ஒரு போர்க்கப்பலைப் பெறும் அரசு, அதன் மாலுமிகளுக்கும் எரிபொருளுக்கும் பழுது நீக்கலுக்கும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்குகிறது. உதவியால் அமைந்த குடிநீர்க் குழாய்க்கு அத்தகைய உறுதி இயல்பாகக் கிட்டுவதில்லை. கொடை நாடு அமைத்துக் கொடுத்துவிட்டுச் செல்கிறது. பேணும் சுமை மாநில அரசின்மீதும் உள்ளாட்சியின்மீதும் விழுகிறது. மக்கள்தொகை பெருகும்போது விரிவாக்கத்துக்கு வேறு நிதி தேட வேண்டியுள்ளது. திட்டம் வந்த பின்னரும் வைப்பின் மக்கள் குடிநீர் கேட்டுப் பலமுறை போராடியுள்ளனர்.

இந்தியாவின் நிலை

உதவி பெறும் நாடாக மட்டும் இந்தியாவைக் கருதுவது இன்று பொருந்தாது. 1964இல் இந்தியத் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது முதல், பிற நாட்டு அலுவலர்களுக்கு இந்தியா பயிற்சி அளித்து வருகிறது. 1998 மே மாதம் நடந்த அணுச் சோதனைகளைத் தொடர்ந்து ஜப்பான், சுவீடன் முதலிய நாடுகள் இந்தியாவுக்கான உதவியை நிறுத்தி வைத்தன. பாதுகாப்பு முடிவு ஒன்று வளர்ச்சி உதவியைப் பாதித்த நேரடிச் சான்று இது. 2003இல் இந்திய அரசு, சிறிய அளவில் உதவிவந்த பல நாடுகளிடமிருந்து நேரடி இருதரப்பு உதவி பெறுவதை நிறுத்திக்கொள்ள முடிவு செய்தது.

2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 6,81,210 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இதில் ஓய்வூதியம் மட்டும் ஏறத்தாழ 1,60,800 கோடி. வெளியுறவு அமைச்சகத்தின் வழியே பிற நாடுகளுக்கான உதவிக்குச் சுமார் 5,480 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பூட்டானுக்கே அதில் பெரும்பங்கு. இதன் வெளியே, ஏற்றுமதி-இறக்குமதி வங்கியின் மூலம் வழங்கப்படும் சலுகைக் கடன்களும் உள்ளன. கொடை வழங்கும் நிலையில் இருக்கும் இந்தியாவுக்கு, கொடை பெற்ற அனுபவம் வழிகாட்டியாக அமைய வேண்டும்.

முடிவுரை

நீண்ட கடற்கரையும் நெடிய எல்லையும் உடைய நாடு பாதுகாப்பைப் புறக்கணிக்க இயலாது. குடிநீரின்றி வாழும் குடும்பமும் தன்னைப் பாதுகாப்பானதாகக் கருத இயலாது. எனவே, ஒப்பீட்டின் நோக்கம் ஒன்றைப் பழித்து மற்றொன்றைப் போற்றுவதன்று. ஒவ்வொரு செலவும் யாரைச் சென்றடைகிறது, அதைத் தொடர்ந்து பேணும் பொறுப்பு யாருடையது என்ற இரு கேள்விகளையும் இரண்டு கணக்குகளுக்கும் சமமாகக் கேட்க வேண்டும். கப்பலுக்கு ஆண்டுதோறும் அளிக்கப்படும் உறுதி குடிநீர்க் குழாய்க்கும் அளிக்கப்படுமாயின், சிறிய தொகையும் பெரும்பயன் தரும். அவ்வுறுதி இல்லாவிடில், உதவியை இருமடங்காக உயர்த்தினாலும் குழாய் வறண்டே கிடக்கும்.