இரண்டு கிலோ வாங்கினால் நான்கு கிலோ!

பணத்தைக் கடனாகக் கொடுப்பவர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நெல்லைக் கடனாகக் கொடுத்த ஊரைப் பற்றித் தெரியுமா?

திருவாரூர் மாவட்டத்தில், திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் உள்ளது ஆதிரெங்கம் என்ற கிராமம். 2006-ஆம் ஆண்டு அங்கே நெல் திருவிழா தொடங்கியது. விழாவுக்கு வரும் விவசாயிக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பார்கள். காசு வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனைதான். அதைச் சொந்த வயலில் விதைத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நூற்றுக்கு நூறு வட்டி! ஆனால் விவசாயிக்கு இது பாரமே இல்லை. ஒரு நெல்மணி முளைத்து, தூர் கட்டி, கதிர் விட்டால் நூற்றுக்கணக்கான மணிகளைத் தந்துவிடும் அல்லவா? திரும்பி வந்த நெல் இன்னும் பல விவசாயிகளுக்குப் போகும்.

இந்த ஏற்பாட்டை நடத்தியவர் ஜெயராமன். அருகில் உள்ள கட்டிமேடுதான் அவர் பிறந்த ஊர். 2003-ஆம் ஆண்டு இயற்கை விவசாய அறிஞர் நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடைப்பயணம் போனார். அவரோடு ஜெயராமனும் நடந்தார். வழியில் உள்ள கிராமங்களில் கிடைத்த சில பழைய நெல் ரகங்களோடு அவருடைய தேடல் தொடங்கியது. கடைசியில் 174 ரகங்களைச் சேர்த்துவிட்டார். அதனால் 'நெல்' ஜெயராமன் என்றே பெயர் நிலைத்தது. அவர் 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி காலமானார். அடுத்த ஆண்டே பிளஸ் டூ தாவரவியல் புத்தகத்தில் அவரைப் பற்றிய செய்தி சேர்க்கப்பட்டது.

தஞ்சைச் சீமையில் இல்லாத நெல்லா, அதை ஏன் தேட வேண்டும் என்று கேட்பீர்கள். 1960-களில் நாட்டில் கடுமையான உணவுப் பஞ்சம். அதிக விளைச்சல் தரும் ரகங்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.டி.டி.27, பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வந்த ஐ.ஆர்.8 போன்றவை வயல்களில் நிறைந்தன. அவை பலருடைய பசியைத் தீர்த்தன. அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் ஆள் உயரத்துக்கு மேலே வளரும் காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, உப்பு நிலத்திலும் விளையும் குழியடிச்சான் எல்லாம் ஒவ்வொரு வயலாக மறைந்தன. யானை நுழைந்தாலும் வெளியே தெரியாதாம், அதனால்தான் காட்டுயானம் என்று பெயர் வந்ததாம்!

சரி, 174 ரகங்களையும் டப்பாவில் போட்டு, பெயர் ஒட்டி, பீரோவில் பூட்டி வைத்தால் போதாதா? போதாது. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

விதைநெல் வெறும் தானியம் இல்லை. அது உயிரோடு இருக்கிறது. உறங்கும் குழந்தையைப் போல மெல்ல மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. ஈரம் பட்டால் மூச்சு வேகமாகும், சூடு உண்டாகும், பூஞ்சணமும் அந்துப்பூச்சியும் வந்துவிடும். நம் ஊர் வெப்பத்திலும் ஈரக் காற்றிலும் சாதாரணமாக வைத்த விதைநெல், ஒரு வருடத்தைத் தாண்டினால் முளைக்கும் சக்தியை இழந்துகொண்டே வரும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான நெல் மாதிரிகள் உண்டு. நீண்ட காலம் இருக்க வேண்டியவற்றை அங்கே மைனஸ் 20 டிகிரி குளிரில் வைக்கிறார்கள். கிராமத்து வீட்டில் அதற்கு எங்கே போவது? வருடா வருடம் விதைத்து, அறுத்து, புது விதை எடுப்பதுதான் வழி. இரண்டுக்கு நான்கு என்ற கணக்கின் ரகசியம் இதுதான். இரண்டு வருடம் யாரும் விதைக்காமல் விட்டால், ஒரு ரகமே கைவிட்டுப் போகலாம்.

தை மாதம் அறுத்த சம்பா நெல்லை ஆவணி விதைப்பு வரை ஏழு மாதம் காக்க வேண்டும். நம் பாட்டி, தாத்தாக்கள் எப்படிக் காத்தார்கள்?

வரப்பு ஓரத்துக் கதிரை விதைக்கு எடுக்க மாட்டார்கள். பக்கத்து வயல் ரகம் கலந்திருக்கலாம். நடு வயலில் நன்றாக முற்றிய கதிர்களைத் தனியாக அறுத்து, தனியாக அடிப்பார்கள். காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் காய வைப்பார்கள். உச்சி வெயில் வேண்டாம், சூடு அதிகமானால் கருவுக்கு ஆகாது. காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஈரமானி எதுவும் இல்லை, பல்தான்! ஒரு மணியைக் கடித்தால் 'கடக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு வைக்கோலைப் புரியாகத் திரித்து, சுற்றிச் சுற்றிக் கட்டி, நடுவில் நெல்லைக் கொட்டிக் கோட்டை கட்டுவார்கள். மேலே சாணம் மெழுகிவிட்டால் பூச்சி எளிதில் நுழையாது. கொஞ்சம் நெல்தான் என்றால் மண்பானை போதும். நிழலில் உலர்த்திய நொச்சி இலை, வேப்பிலை, ஒரு துண்டு வசம்பு போட்டு வாயைத் துணியால் கட்டிவிடலாம். பானையைத் தரையில் வைக்காதீர்கள். தரை ஈரம் ஏறும். பலகை மேல் வையுங்கள்.

விதைக்கும் முன் ஒரு வேடிக்கையான சோதனை உண்டு. பத்து லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிலோ உப்பைக் கரையுங்கள். அதில் புதிய கோழி முட்டை ஒன்றைப் போடுங்கள். முட்டையின் மேல்பகுதி 25 காசு அளவுக்குத் தண்ணீருக்கு மேலே தெரிந்தால் கரைசல் தயார். (25 காசு 2011-லேயே செல்லாமல் போய்விட்டது. எவ்வளவு பெரியது என்று தாத்தாவிடம் கேளுங்கள்!) முழு முட்டையும் மூழ்கினால் இன்னும் கொஞ்சம் உப்புப் போட வேண்டும். முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டினால், பதரும் அரைகுறை மணிகளும் மிதக்கும். அவற்றை அள்ளிவிடுங்கள். அடியில் தங்கிய கனமான மணிகள்தான் விதை. உடனே இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளை பாதிக்கும்.

வயல் இல்லாதவர்களும் ஒன்று செய்யலாம். தெரிந்த விவசாயியிடம் நூறு விதைநெல் வாங்கி, ஒரு இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, நிழலில் வையுங்கள். துணி காயாமல் தினமும் தண்ணீர் தெளியுங்கள். சில நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். இரண்டு வாரம் வரை பொறுத்திருந்து எண்ணுங்கள். எண்பதுக்கு மேல் முளைத்திருந்தால் நல்ல விதை. சான்று பெற்ற விதைநெல்லுக்கு அரசு வைத்திருக்கும் அளவும் அதுதான். புதிதாக அறுத்த நெல்லாக இருந்தால் முளைக்கவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். பல சம்பா ரகங்கள் அறுத்த பிறகு சில வாரங்கள் உறங்கும். மார்கழி, தை மழையில் சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்து வீணாகாமல் காப்பது அந்த உறக்கம்தான். ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து அதே நெல்லில் இன்னொரு நூறு மணியை எடுத்து, மறுபடியும் எண்ணிப் பாருங்கள்.