கினிப் பன்றிக் குட்டி வளர்ப்போர் கவனத்திற்கு

ஸ்கூடாயில் நம் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள தாமான்களில் வாடகை வீடெடுத்துத் தங்கும் மாணவர்கள் சிலர் செல்லப்பிராணி வளர்ப்பதைக் காண முடிகின்றது. பூனை வளர்க்க வீட்டுக்காரர் சம்மதிக்காத இடங்களில் கினிப் பன்றி குடியேறி விடுகிறது. குரைக்காது, சுவரேறாது, ஒரு கூண்டில் அடங்கி விடும். அதனால் இதனை வளர்ப்பது எளிது என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் குட்டிப் பருவத்தில் உணவு தவறினால், நம் கண்ணுக்கு எதுவும் தெரியாமலேயே அது மெலிந்து நோயில் விழுந்து விடும். ஆகவே குட்டியின் உணவையும் எடையையும் பற்றி நான் அறிந்தவற்றை இங்கே பகிர்ந்து கொள்கிறேன்.

பெயரில்தான் பன்றி

தமிழில் இதற்குச் சீமைப் பெருச்சாளி என்ற பெயரும் உண்டு. மலாய்க்காரர்கள் ‘தீக்குஸ் பெலாண்டா’, அதாவது டச்சுக்காரரின் எலி என்பார்கள். உண்மையில் இதன் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. பெரு, பொலிவியா நாட்டு மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக இறைச்சிக்காக இதனை வளர்த்து வந்துள்ளனர். பதினாறாம் நூற்றாண்டில்தான் இது ஐரோப்பாவை அடைந்தது. குளிர்ந்த மலையில் புல் மேய்ந்து வாழ்ந்த உயிரினம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வளர்ப்பு முறை புரிந்துவிடும்.

எடை சொல்லும் செய்தி

பிறக்கும்போதே இக்குட்டிக்கு உடல் முழுதும் உரோமமும் திறந்த கண்களும் பற்களும் இருக்கும். அப்போது அதன் எடை ஏறத்தாழ 60 முதல் 100 கிராம். மூன்று வாரம் வரை தாய்ப்பால் குடித்தாலும், முதல் சில நாள்களிலேயே புல்லையும் கொறிக்கத் தொடங்கிவிடும். அதன் பிறகு நாளொன்றுக்கு நான்கைந்து கிராம் கூட வேண்டும். இரண்டு மாதத்தில் எடை 400 கிராமை ஒட்டி இருக்கும். நன்கு வளர்ந்த பெண் 700 முதல் 900 கிராமும், ஆண் 900 முதல் 1,200 கிராமும் இருக்கும்.

பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிரினம் என்பதால் நோயை மறைத்துக்கொள்வது இதன் இயல்பு. அடர்ந்த உரோமம் மெலிவையும் மறைத்துவிடும். ஆகவே கண்ணை நம்பாமல் தராசை நம்ப வேண்டும். மாவு நிறுக்கும் சமையலறை மின்தராசே போதும். ஒரு நெகிழிக் கிண்ணத்தை வைத்து எண்ணைச் சுழியமாக்கிவிட்டு, குட்டியை அதில் உட்கார வைத்து, வாரம் ஒரு முறை, அதே நாளில், அதே நேரத்தில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுத் தோழி வாங்கி வந்த குட்டியை இப்படித்தான் கவனித்தோம். “முயல் தீவனம் போதும்” என்று கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதல் வாரம் 252 கிராம், அடுத்த வாரம் 255. குட்டி சுறுசுறுப்பாகத்தான் இருந்தது, கீச்சிட்டுக்கொண்டு ஓடியது. ஆனால் ஏழு நாளில் முப்பது கிராமாவது கூடியிருக்க வேண்டிய இடத்தில் மூன்று கிராம்தான் கூடியிருந்தது. உணவை மாற்றினோம். அடுத்தடுத்த வாரங்களில் 281, 313, 346 என்று ஏறியது.

மனிதனுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை

முயல் தீவனம் ஏன் போதாது? முயலும் எலியும் பூனையும் வைட்டமின் சி சத்தைத் தம் உடலிலேயே உற்பத்தி செய்துகொள்கின்றன. கினிப் பன்றியால் அது முடியாது, மனிதனாலும் முடியாது. அதனை உண்டாக்கும் நொதி இருவரிடமும் இல்லை. முயல் தீவனம் செய்பவர் அச்சத்தைச் சேர்க்கத் தேவையில்லை என்பதால் அதில் அது இருப்பதில்லை.

1907ஆம் ஆண்டு நார்வே நாட்டில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃபுரோலிக் என்ற இருவர் கினிப் பன்றிகளுக்குத் தானியம் மட்டுமே கொடுத்து வந்தபோது, கப்பல் மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் அவற்றிற்கும் வந்ததைக் கண்டனர். பச்சைக் காய்கறி கொடுத்ததும் நோய் நின்றது. மனிதனின் நோய்க்கு மருந்து தேட அன்று உதவிய அதே உயிரினம், இன்று நம் வீட்டுக் கூண்டில் அதே நோயால் சாகலாம் என்பதுதான் வருத்தத்திற்குரியது. இந்நோய் கண்டால் மூட்டு வீங்கும், ஈறு கசியும், நடக்க மறுக்கும். சத்து நின்ற இரண்டு மூன்று வாரத்திலேயே அறிகுறிகள் தோன்றலாம்.

என்ன கொடுக்கலாம்?

முதலாவது புல். உணவில் பெரும்பங்கு உலர்புல்லாகவோ பசும்புல்லாகவோ எந்நேரமும் இருக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் வளரும் அதன் பற்களைத் தேய்ப்பது புல்லே. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குட்டிக்குக் குதிரைமசால் எனப்படும் அல்ஃபால்ஃபாவும் கொடுக்கலாம். அதற்குப் பின் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சிறுநீர்ப்பையில் கல்லாகிவிடக்கூடும் என்பதால் திமோத்தி புல்லுக்கு மாற்றிவிட வேண்டும். வெளியில் புல் பறிப்பவர்கள் சாலையோரத்தையும் செம்பனைத் தோட்ட ஓரத்தையும் தவிர்க்கவும். களைக்கொல்லி அடித்த புல் சில நாள் பச்சையாகவே நிற்கும் என்பது தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்த என் பாட்டி சொன்ன பாடம். இயந்திரம் வெட்டிப் போட்ட புல்லும் விரைவில் புளித்து வயிற்றை உப்பச் செய்யும்.

இரண்டாவது வைட்டமின் சி. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 10 மில்லிகிராம் தேவை. சினையுற்றதற்கு 30 வரை தேவைப்படும். சிவப்புக் குடைமிளகாயில் ஒரு சிறு துண்டு, ஏறத்தாழ பத்துக் கிராம், குட்டியின் ஒரு நாள் தேவைக்குப் போதும். கொத்தமல்லித் தழையும் நல்லது. கொய்யாவில் இச்சத்து மிகுதி. ஆனால் சர்க்கரையும் உண்டு என்பதால் நகத்தளவு, வாரம் இருமுறை போதும். மருந்தைத் தண்ணீரில் கலக்க வேண்டாம். ஒளி பட்டுச் சத்து அழியும், சுவை மாறினால் குட்டி தண்ணீரும் குடிக்காது.

மூன்றாவது கினிப் பன்றிக்கென்றே செய்த தீவனம். தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குங்கள். நம்மூர் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் அதிலுள்ள வைட்டமின் சி விரைவாகக் குறையும். சிறிய பொட்டலமாக வாங்கி, இறுக மூடி வைப்பதே சிக்கனம். சோறு, ரொட்டி, வெங்காயம், பூண்டு, சாக்லெட் ஆகியவை அறவே கூடாது.

கவனிக்க வேண்டியவை

குட்டியின் எடை ஒரு வாரம் கூடாமல் நின்றாலோ, வளர்ந்ததற்கு 50 கிராம் குறைந்தாலோ உணவையும் பற்களையும் பாருங்கள். அரை நாள் எதுவும் தின்னாமல் இருந்தால் கால்நடை மருத்துவரை அழையுங்கள், காத்திருக்கக் கூடாது. நமக்குக் கிளினிக்கில் கொடுத்து மீந்த அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் இதன் குடலிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்று, உயிரையே வாங்கிவிடும். எடை திடீரென ஏறினாலும் மகிழ்ந்துவிட வேண்டாம். பெண் குட்டி ஒரு மாதத்திலேயே சினைப்படக்கூடும். சோடியாக வாங்கியிருந்தால் அது கொழுப்பா, கருவா என்று பார்க்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: பருவ விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குப் புறப்பட்டால் யார் புல் போடுவது? யார் நிறுப்பது? கினிப் பன்றி ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வாழும். நம் படிப்போ நான்கே ஆண்டு. நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் பிராணிக்குத் தகுந்த உணவளிப்பதை உரிமையாளரின் கடமை ஆக்கியுள்ளது. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கதையைத் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவர்கள் நாம். ஒரு கைப்பிடிப் புல்லையும் வாரம் ஐந்து நிமிடத்தையும் தர முடியும் என்று உறுதியானால் மட்டுமே ஒரு குட்டியை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.