பற்சக்கரமும் மலைப்பாதையும்

மோட்டார்ச் சைக்கிளின் முன் பற்சக்கரத்தில் ஒன்றிரண்டு பற்களைக் கூட்டினால், நெடுஞ்சாலையில் எஞ்சின் மெல்லச் சுழலும், இரைச்சல் குறையும், அதிர்வு தணியும், எரிபொருளும் ஓரளவு மிஞ்சும் என்பர். இக்கூற்றிற் பொய்யில்லை. ஆயின் அது சமவெளியில் வாழ்வோருக்குப் பொருந்தும் உண்மையாகும். ராகலையில் வாழ்வோர் அதனை அவ்வண்ணமே ஏற்கலாமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைவரை 1904-இல் வந்துசேர்ந்த குறுகிய இருப்புப்பாதை 1940-களில் இல்லாதொழிந்தது. அதன்பின் இவ்வூருக்கு வீதியே கதி. பேருந்து தவறியவருக்கு மோட்டார்ச் சைக்கிளே துணை. அதிவேக நெடுஞ்சாலைகளில் அதற்கு இடமில்லையாதலின், நமக்கு நெடுஞ்சாலை எனத்தக்கது ஏ9 போன்ற பழைய பெருவீதிகளே. யாழ்ப்பாணம் செல்லும் ராகலைவாசி கந்தப்பளைக்கு ஏறி, நுவரெலியாவைக் கடந்து, றம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியே பேராதனைக்கு இறங்கிக் கண்டியையும் மாத்தளையையும் தாண்டிய பின்னரே, தம்புள்ளைக்கு அப்பால் நீண்ட சமநிலத்தைக் காண்கிறார். 2022-இல் எரிபொருட் பங்கீடு நடைமுறைக்கு வந்தபோது மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றரே கிடைத்தது. அந்நிலையை அனுபவித்தவர்கள் சிக்கனத்தை நாடுவதில் வியப்பில்லை.

கணக்கைக் காண்போம். நமது வீதிகளில் மிகுதியாக ஓடுவன சிறிய எஞ்சின் கொண்ட இந்திய வண்டிகளே. எனினும் விளக்கத்துக்கு, 1955 முதற் சென்னையில் உருவாகிவந்த பழைய 350 வகைப் புல்லட்டை எடுத்துக்கொள்வோம். அதன் பின் பற்சக்கரத்துக்கு 38 பற்கள். முன் பற்சக்கரமோ 16, 17, 18 எனப் பல அளவிற் கிடைக்கும். 16 பற்களைப் பூட்டினால், பின்சில்லு ஒருமுறை சுழல முன் பற்சக்கரம் 38-ஐ 16-ஆல் வகுத்துவரும் 2.375 முறை சுழலவேண்டும். எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே 25 பற்களும் 56 பற்களும் கொண்ட வேறொரு சோடி உண்டு. அதன் விகிதம் 2.24. உச்சக் கியரில் கியர்ப் பெட்டி இவ்விகிதத்தை மாற்றுவதில்லை. டயரின் சுற்றளவை 2.05 மீற்றர் எனக் கொண்டால், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2600 முறை சுழலும். முன் பற்சக்கரத்தை 18 பற்களுடையதாக மாற்றினால் அது 2300 ஆகிறது. தம்புள்ளையிலிருந்து வவுனியாவுக்குச் செல்வோர் இவ்வேறுபாட்டைக் கைப்பிடியிலேயே உணர்வர்.

ஆனால் பற்சக்கரம் வலுவைப் படைப்பதில்லை. வேகத்துக்கும் இழுவிசைக்கும் இடையே பண்டமாற்றே செய்கிறது. சுழற்சி எந்த விகிதத்திற் குறைந்ததோ, எஞ்சினின் முறுக்குவிசை மாறாதிருக்கச் சில்லின் இழுவிசையும் அதே விகிதத்திற் குறையும். 16 பற்களில் 100 பங்காக இருந்த இழுவிசை, 18 பற்களில் 89 பங்கே.

இங்கே மலைநாட்டார் மறக்கலாகாத வேறொரு கழிவும் உண்டு. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்திற் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றைத் தானே உறிஞ்சும் எஞ்சினின் முறுக்குவிசையும் ஏறத்தாழ அவ்வளவு குறைகிறது. கொழும்பில் 100 ஆக இருந்தது கந்தப்பளையில் 80; 18 பற்களையும் பூட்டிவிட்டால் 71. இருவர் அமர்ந்த வண்டியின் மொத்த நிறை 300 கிலோகிராம் எனில், பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் 30 கிலோகிராம் பாரத்துக்கு நிகரான விசை இடைவிடாது பின்னோக்கி இழுக்கும். வண்டி திணற, ஓட்டுநர் ஒரு கியர் குறைக்கிறார். எஞ்சினின் சுழற்சி மீண்டும் உயர்கிறது. சமவெளியிற் சேமித்ததை ஏற்றம் திரும்பக் கேட்கிறது. குறைக்க மனமின்றி உச்சக் கியரிலேயே எஞ்சினை வருத்துவாருமுளர். தாழ்ந்த சுழற்சியிற் பெரும்பாரம் சுமக்கும் எஞ்சினில் தட்டொலி எழும், தாங்கிகள் தேயும்.

ஏற்றத்திலும் இறக்கமே கவலைக்குரியது. நுவரெலியாவிலிருந்து பேராதனைக்கு ஏறத்தாழ 1400 மீற்றர் கீழிறங்க வேண்டும். 300 கிலோகிராம் நிறை அவ்வாறு இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 20 பாகையிலுள்ள ஏறக்குறைய 12 லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதனை எதிர்க்காற்றும் எஞ்சினும் பிரேக்கும் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. முன் பற்சக்கரம் பெரிதானால் எஞ்சின் மெல்லச் சுழல்வதால் அதன் தடை குறைகிறது. அத்தடை சில்லுக்கு வந்துசேரும் நெம்புபலனும் குறைகிறது. இவ்விரு குறைவையும் பிரேக்கே ஈடுசெய்ய வேண்டும். றம்பொடையின் கொண்டையூசி வளைவுகளில், பின்னே மனைவியும் நடுவே குழந்தையுமாக மழையில் இறங்குபவருக்கு இது ஏட்டுக்கணக்கன்று. கியரை விடுவித்து உருள விடுவோரின் சிக்கனத்தை என்னென்பது! எரிபொருளை உட்செலுத்தும் இக்காலத்து எஞ்சின்களிற் பல, கியரில் இறங்கும்போது எரிபொருளை அறவே நிறுத்திக்கொள்கின்றன. விடுவித்த நிலையிலோ எரித்துக்கொண்டேயிருக்கின்றன.

ஆகவே ராகலையிலேயே நாளும் ஓடும் வண்டிக்கு உற்பத்தியாளர் தந்த அளவே தக்கது என்பது என் கருத்து. மாதத்திற் பாதிநாள் சமவெளியில் ஓடுபவர் ஒரு பல் மட்டும் கூட்டிப் பார்க்கலாம். நம் எடுத்துக்காட்டில் 17 பற்களுக்குச் சுழற்சி 2440 அளவாகும். இழுவிசை இழப்பு ஆறு விழுக்காட்டளவே. அவரும் இறக்கத்தில் முன்னர் இறங்கியதிலும் ஒரு கியர் தாழ்த்தி இறங்கப் பழகவேண்டும்.

மாற்றுவோர் சங்கிலியையும் கவனிக்க வேண்டும். முன்னே இரு பற்கள் கூடின், அதே சங்கிலிக்குப் பின்சில்லு ஏறத்தாழ அரைக் கண்ணி, அதாவது புல்லட்டில் 8 மில்லிமீற்றர், முன்னே நகரவேண்டும். அதற்கு இடமில்லையேற் சங்கிலியை நீட்டவேண்டும். தேய்ந்த சங்கிலியைப் புதிய பற்சக்கரத்தில் ஏற்றுவது வீண்செலவு. வேகமானி கியர்ப் பெட்டியிலிருந்து இயங்கும் வண்டிகளில் முள் உண்மை வேகத்திலும் குறைத்தே காட்டும்: 18 பற்களோடு மணிக்கு 60 எனக் காட்டும்போது வண்டி 67-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். முன்சில்லிலிருந்து இயங்கும் மானிக்கு இக்குறையில்லை.