செவி கேட்டதும் கண் கண்டதும்

இருளில் ஒருவன் கூவினால் செவி அவ்வொலியைக் கேட்கும். திசையையும் ஒருவாறு அறியும். ஆயினும், கூவியவன் யாவன், எவ்விடத்தில் நிற்கின்றான் என்பதைக் கண்டு தெளிதற்குக் கண்ணே வேண்டும். வானியல் அறிஞர்க்கும் இத்தகைய நிலை ஒன்று நேர்ந்தது.

பேரெடை வாய்ந்த பொருள்கள் ஒன்றையொன்று விரைந்து சுற்றுங்கால், வெளியே அதிர்ந்து அலையாகப் பரவும் என்று ஐன்ஸ்டீன் 1916ஆம் ஆண்டில் உணர்த்தினார். அவ்வலைகள் ஈர்ப்பலைகள் எனப்படும். அமெரிக்காவிலுள்ள லைகோ நிலையங்கள் இரண்டும் 2015ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 14ஆம் நாள் அவற்றை முதன்முதலாக உணர்ந்தன. இரு கருந்துளைகள் இணைந்தமையால் எழுந்த அலை அது. கருந்துளையினின்று ஒளி வெளிப்படாது. ஆதலின், செவி கேட்டதைக் கண் காணவில்லை.

2017ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் மற்றோர் அலை வந்தது. அதனை எழுப்பியவை இரு நியூட்ரான் விண்மீன்கள். இவ்வகை விண்மீன், ஞாயிற்றினும் மிக்க எடையை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையில் அடக்கியது. அவ்வலை ஓய்ந்த 1.7 நொடியில், ஃபெர்மி என்னும் விண்கலம் காமாக் கதிர்களைக் கண்டது. ஒளியும் தோன்றும் என்று அறிஞர் எதிர்நோக்கினர். ஆனால், வானத்தில் எங்கே தேடுவது?

இத்தாலியிலுள்ள விர்கோ நிலையம் அவ்வலையை மிக மெல்லிதாகவே உணர்ந்தது. அக்கருவி நன்கு உணரவியலாத திசைகள் சில உண்டு. அலை அவற்றுள் ஒன்றிலிருந்தே வந்திருத்தல் வேண்டும் என அறிஞர் துணிந்தனர். கேளாமையும் ஒரு சான்றாயிற்று! அதனால், தேட வேண்டிய இடம் 28 சதுர பாகையாகக் குறுகியது. அதுவும் முழுநிலவின் பரப்பைப்போல் நூறு மடங்கினும் மிக்கதாகும்.

சிலி நாட்டில் அப்போது பகல். மாலை வரை காத்திருத்தல் வேண்டும். ஞாயிறு மறைந்த சிறிது நேரத்திற்குள் அவ்வான்பகுதியும் மேற்றிசையில் மறைந்துவிடும். ஆயினும், அறிஞர் கண்டவாறு தேடினாரல்லர். அலையின் வலிமை கொண்டு தொலைவைக் கணித்து, அத்தொலைவிலுள்ள விண்மீன் திரள்களை வரிசைப்படுத்தினர். லாஸ் காம்பனாஸ் மலையிலுள்ள ஸ்வோப் தொலைநோக்காடி அவற்றை ஒவ்வொன்றாகப் படம் பிடித்தது. அதன் ஆடி 1 மீட்டர் அகலமே உடையது. ஒன்பதாம் படத்தில், 13 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள என்.ஜி.சி. 4993 என்னும் திரளின் அருகே, பழைய படத்தில் இல்லாத ஒளிப்புள்ளி ஒன்று காணப்பட்டது. அலை வந்து அப்போது ஏறத்தாழ 11 மணி நேரம் கழிந்திருந்தது.

முதலில் நீலமாய் ஒளிர்ந்த அப்புள்ளி சில நாள்களில் செந்நிறமாகி மங்கிற்று. பொன், பிளாட்டினம் முதலிய தனிமங்கள் இத்தகைய மோதலில் உருவாகின்றன என்பதற்கு அவ்வொளி வலிய சான்று தந்தது. ஏறத்தாழ 70 நோக்ககங்கள் அதனை ஆராய்ந்தன.

அலை மட்டும் வந்திருப்பின் இடம் விளங்கியிராது. ஒளி மட்டும் தோன்றியிருப்பின் அதன் காரணம் ஐயமின்றித் தெளிவாகியிராது. செவியும் கண்ணும் கூடியபோதே உண்மை புலனாயிற்று.