சர்ச்சையை விற்கும் மேலாளர்கள்: சட்டத்தில் இல்லாத ஒரு பெயர்

புதுதில்லி: மக்களவையில் 2024 பிப்ரவரி 1-ஆம் தேதி இடைக்கால பட்ஜெட்டைத் தாக்கல் செய்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், 9 முதல் 14 வயது வரையிலான சிறுமியருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி செலுத்துவதை அரசு ஊக்குவிக்கும் என்று அறிவித்தார். ஆண்டுதோறும் ஏறத்தாழ 1.2 லட்சம் இந்தியப் பெண்களைத் தாக்கி, 75 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறிக்கும் நோய் அது. ஆனால், வருமான வரி விகிதம் மாறுமா என்று காத்திருந்தவர்களின் காதில் அந்த ஒரு வரி விழவில்லை.

மறுநாள் அந்நோயின் பெயர் நாடெங்கும் ஒலித்தது. காரணம் பட்ஜெட் அல்ல. ஹிந்தித் திரையுலகில் நடிப்பைக் காட்டிலும் சர்ச்சைகளால் அறியப்பட்ட பூனம் பாண்டே, அந்நோய்க்குப் பலியாகிவிட்டதாக அவரது இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அறிவிப்பு வெளியானது. மேலாளர் தரப்பும் அதை உறுதிப்படுத்தியதாகச் செய்திகள் வந்தன. இரங்கல்கள் குவிந்தன. பிப்ரவரி 3-ஆம் தேதி அவரே காணொலியில் தோன்றி, தாம் உயிருடன் இருப்பதாகவும், விழிப்புணர்வுக்காகவே இவ்வாறு செய்ததாகவும் தெரிவித்தார்.

இதில் தனக்குப் பங்கு இருந்ததாக ஒப்புக்கொண்ட எண்ம விளம்பர நிறுவனம் ஒன்று, புற்றுநோயாளிகளிடமும் அவர்தம் குடும்பத்தினரிடமும் மன்னிப்புக் கோரியது. அதே மூச்சில், இணையத்தில் அந்நோயைப் பற்றிய தேடல் பெருகியதையும் சாதனையாகச் சுட்டிக்காட்டியது. மகாராஷ்டிர சட்ட மேலவை உறுப்பினர் சத்யஜீத் தாம்பே, வழக்குப் பதிவு செய்ய வேண்டும் என்றார். தேசிய விழிப்புணர்வு இயக்கத்தின் தூதராகப் பூனம் பாண்டேயை நியமிக்கும் எண்ணம் இல்லை என்று சுகாதார அமைச்சக வட்டாரங்கள் விளக்கம் அளிக்கும் நிலையும் ஏற்பட்டது.

கண்டனம் முழுவதும் அந்த நடிகையின் மீதே விழுந்தது. இத்தகைய பிரபலங்களுக்குப் பின்னால் இருந்து, சர்ச்சையைத் திட்டமிட்டு விலை பேசும் மேலாளர் என்ற தொழில்முறையாளரைப் பற்றி எவரும் பேசவில்லை.

சர்ச்சையே முதலீடு: ஹிந்தித் திரையுலகில் ஒரு காலத்தில் நட்சத்திரங்களுக்குச் 'செகரட்டரி'கள் இருந்தனர். கால்ஷீட் தேதிகளைக் கவனிப்பதும், சம்பளத்தைப் பேசி வசூலிப்பதுமே அவர்கள் வேலை. 1995-இல் சச்சின் டெண்டுல்கருடன் வேர்ல்டுடெல் நிறுவனம் செய்துகொண்ட பெருந்தொகை ஒப்பந்தம், பிரபலத்தின் பெயரையும் முகத்தையும் நிர்வகிப்பதே தனித் தொழிலாக முடியும் என்பதைக் காட்டியது.

முதல் வரிசை நட்சத்திரத்தின் மேலாளருக்குச் சர்ச்சை என்பது அணைக்க வேண்டிய தீ. கடைசி வரிசையில் இருப்பவரின் மேலாளருக்கோ அதுவே அடுப்பு. படவாய்ப்பு இல்லாதவரிடம் விற்பதற்கு இருப்பது அவரைப் பற்றிய பேச்சு மட்டுமே. 2006-இல் இந்தியாவில் தொடங்கிய 'பிக் பாஸ்' போன்ற நிகழ்ச்சிகளும், பின்னர் வந்த சமூக வலைதளங்களும் அப்பேச்சுக்குச் சந்தையை உருவாக்கின. 2011 உலகக் கோப்பையை இந்தியா வென்றால் ஆடை களைவதாக அறிவித்தே பூனம் பாண்டே நாடறிந்தவரானார் என்பது நினைவுகூரத்தக்கது. கடைத் திறப்பு விழா, தொலைக்காட்சி நிகழ்ச்சி, கட்டண விளம்பரப் பதிவு என்று அப்பேச்சு பணமாகும்போது மேலாளருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. பேச்சு உண்மையா, பொய்யா என்பதைப் பொருத்து அப்பங்கு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

லண்டன் முன்னோடி: இத்தொழிலின் இயல்பை அறிய, பிரிட்டனில் இதைப் பெரும் வணிகமாக்கிய மேக்ஸ் கிளிஃபோர்டின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும். 1960-களில் இ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனத்தின் செய்தித் தொடர்புப் பிரிவில் பணியாற்றிய அவர், பின்னர் தனி நிறுவனம் தொடங்கினார். நகைச்சுவை நடிகர் ஃபிரெடி ஸ்டார், ஒரு பெண்ணின் வளர்ப்பு எலியைத் தின்றுவிட்டதாக 1986 மார்ச் 13-இல் 'தி சன்' நாளிதழின் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. அச்சம்பவம் நடக்கவே இல்லை. ஆயினும், தம் வாடிக்கையாளருக்கு விளம்பரம் கிடைக்கும் என்பதால் கிளிஃபோர்டு அதைத் தடுக்கவில்லை.

1992-இல், அமைச்சர் டேவிட் மெல்லருடன் தமக்கு இருந்த உறவை நடிகை அன்டோனியா டி சான்சா வெளியிட்டபோது, அதைப் பத்திரிகைக்கு விற்றுக் கொடுத்தவரும் கிளிஃபோர்டே. செல்சீ கால்பந்து அணியின் சட்டையை மெல்லர் அந்தரங்க வேளையில் அணிந்தார் என்ற விவரம் இட்டுக்கட்டியது என்பது பின்னர் வெளியானது. வேறொரு சர்ச்சையும் சேர்ந்துகொள்ள மெல்லர் பதவி விலகினார். அமைச்சர் பதவி போனது. பொய்ச் சட்டை மட்டும் மக்கள் நினைவில் நிலைத்துவிட்டது. பிறர் அந்தரங்கத்தை விற்ற கிளிஃபோர்டு, 2014-இல் பெண்களிடமும் சிறுமியரிடமும் தகாத முறையில் நடந்துகொண்ட குற்றங்களுக்காக 8 ஆண்டு சிறைத் தண்டனை பெற்று, தண்டனைக் காலத்திலேயே 2017 டிசம்பரில் இறந்தார்.

அதே நோய், மெய்யான மரணம்: கிளிஃபோர்டின் வாடிக்கையாளர்களுள் ஒருவரை இந்திய வாசகர்களும் அறிவர். 2007 ஜனவரியில் லண்டன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நடிகை ஷில்பா ஷெட்டியை இழிவுபடுத்தியதாகக் குற்றம்சாட்டப்பட்ட ஜேட் கூடிதான் அவர். அந்த விவகாரத்தில் பிரிட்டன் பிரதமர் டோனி பிளேர் நாடாளுமன்றத்திலேயே பதில் சொல்ல நேர்ந்தது. 2008 ஆகஸ்டில், ஷில்பா ஷெட்டி தொகுத்து வழங்கிய 'பிக் பாஸ்' நிகழ்ச்சிக்காக இந்தியா வந்திருந்தபோதுதான், தமக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் இருப்பதை ஜேட் கூடி அறிந்தார்.

அவருடைய இறுதி மாதங்களில் திருமணப் படங்கள் முதல் பேட்டிகள் வரை விற்பனையாயின. அதை ஏற்பாடு செய்தவர் கிளிஃபோர்டு. மகன்களின் எதிர்காலத்துக்காகவே பணம் சேர்ப்பதாகக் கூறிய அந்த இளம் தாய், 2009 மார்ச் 22-இல் 27-ஆவது வயதில் காலமானார். 2008-ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் ஓராண்டில் இங்கிலாந்தில் வழக்கத்தைவிட 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கூடுதலாக அந்நோய்க்கான பரிசோதனைக்கு வந்தனர்.

விழிப்புணர்வுக்காகச் செய்தோம் என்று 2024-இல் சொல்லப்பட்ட வாதத்துக்கு இதுவே பதில். லண்டனிலும் விற்பனை நடந்தது. ஆனால் விற்கப்பட்ட துயரம் மெய்யானது. அதனால்தான் பெண்கள் மருத்துவமனைக்குச் சென்றனர்.

நாடாளுமன்றம் பார்த்த பாதி: பிரபலங்களின் பொறுப்பு குறித்து நாடாளுமன்றம் ஆராயாமல் இல்லை. நுகர்வோர் பாதுகாப்பு மசோதாவைப் பரிசீலித்த, ஜே.சி. திவாகர் ரெட்டி தலைமையிலான நிலைக்குழு, தவறான விளம்பரத்தில் தோன்றும் பிரபலங்களுக்குச் சிறைத் தண்டனை வரை விதிக்கலாம் என்று 2016 ஏப்ரலில் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 2019-இல் நிறைவேறிய சட்டம், முதல் தவறுக்கு ரூ.10 லட்சம் வரையிலும் அடுத்தடுத்த தவறுகளுக்கு ரூ.50 லட்சம் வரையிலும் அபராதமும், விளம்பரங்களில் தோன்றத் தடையும் போதும் என்று நின்றுவிட்டது.

அச்சட்டத்தின் 21-ஆவது பிரிவில் உற்பத்தியாளர், வணிகர், விளம்பரதாரர், வெளியீட்டாளர், பரிந்துரைக்கும் பிரபலம் ஆகியோர் உண்டு. 2022 ஜூனில் வெளியான வழிகாட்டு நெறிகளில் விளம்பர நிறுவனமும் சேர்ந்தது. பேரம் பேசி, பங்கு பெறும் மேலாளரின் பெயர் எதிலும் இல்லை. தவிரவும், இவை யாவும் பொருள்களையும் சேவைகளையும் பற்றியவை. எதையும் விற்காமல், ஒரு மரணத்தை மட்டும் அறிவிக்கும் விளம்பரம் இந்த வரையறைக்குள் எளிதில் அடங்குவதில்லை.

அரசியல் கருத்தும் அப்படியே. மக்களவைத் தேர்தலுக்கு முன்பு, 2019 பிப்ரவரியில், கட்சிகளுக்குச் சாதகமாகச் சமூக வலைதளங்களில் பணம் பெற்றுப் பதிவிட 36 திரை, தொலைக்காட்சிப் பிரபலங்கள் இசைந்ததாக 'கோப்ராபோஸ்ட்' இணைய இதழ் ரகசியக் காணொலிகளை வெளியிட்டது. பெயர் குறிப்பிடப்பட்டவர்களில் சிலர் அதை மறுத்தனர். விவகாரம் சில நாள்களில் அடங்கியது. நோய், தேர்தல், மரணம் எதுவாயினும் பேரம் பேசும் முறை ஒன்றே என்பதை அந்த நிகழ்வு உணர்த்தியது.

மேலாளர்கள் அனைவரும் மோசடிக்காரர்கள் அல்லர். நலிந்த கலைஞர்களுக்குச் சேர வேண்டிய ஊதியத்தைப் போராடிப் பெற்றுத் தருபவர்களும் அவர்களுள் உண்டு. அவர்களுக்குமே, பொறுப்பை வரையறுக்கும் விதி பாதுகாப்பாக அமையும். பங்கு பெறுபவர் பொறுப்பும் ஏற்க வேண்டும் என்பது புதிய தத்துவம் அல்ல. சட்டப்பிரிவு ஒன்றில் ஒரு சொல்லைச் சேர்ப்பதற்கு நாடாளுமன்றத்துக்கு அதிக நேரம் பிடிக்காது.

அதுவரை இழப்பு பொதுமக்களுக்கே. இனி ஒரு பெண் தமக்கு அந்நோய் வந்திருப்பதாகக் கண்ணீருடன் அறிவித்தால், செய்தி அறைகளில் முதலில் எழும் கேள்வி, 'அவர் எப்படி இருக்கிறார்?' என்பதாக இராது. 'இது யாருடைய ஏற்பாடு?' என்பதாகவே இருக்கும்.