தலையை உதறும் எலி

எல்.எஸ்.டி. செலுத்தப்பட்ட சுண்டெலி, திடீரெனத் தலையை இருபுறமும் வெடுக்கென்று உதறும். ஒரு நொடிகூட ஆகாது. ‘என்ன தெரிகிறது?’ என்று எலியிடம் கேட்க வழியில்லை. அதனால் மாயக்காட்சி தரும் மருந்துகளை ஆராய்பவர்கள், எலி எத்தனை முறை தலையை உதறுகிறது என்று எண்ணுகிறார்கள்.

இந்த ஆய்வுகளில் அடிக்கடி வரும் இன்னொரு மருந்து லிசுரைடு. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கப்பட்டது. வேதியியல் அமைப்பில் எல்.எஸ்.டி.க்கு நெருங்கிய உறவு. நரம்பு செல்லின் மேலிருக்கும் ‘செரடோனின் 2ஏ’ என்ற ஏற்பியில்தான் இரண்டுமே போய் ஒட்டுகின்றன. ஆனால், லிசுரைடு கொடுத்தால் எலி தலையை உதறுவதில்லை. ஒரே கதவை இருவர் தட்ட, ஒருவருக்கு மட்டும் உள்ளறை திறப்பது எப்படி?

விடைக்கான ஒரு தடயம் மரபணுக்களில் கிடைத்தது. நம் செல்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே டி.என்.ஏ. தான். எந்த மரபணு எப்போது வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். ஒற்றை டோஸ் எல்.எஸ்.டி. எலி மூளையில் குறிப்பிட்ட சில மரபணுக்களை முடுக்கிவிடுவதை 2002இல் சார்லஸ் நிக்கோல்ஸ், எலைன் சாண்டர்ஸ்-புஷ் இருவரும் காட்டியிருந்தார்கள். 2007இல் ஹாவியர் கொன்சாலெஸ்-மேசோ, ஸ்டூவர்ட் சீல்ஃபன் ஆகியோரின் நியூயார்க் குழு இரு மருந்துகளையும் ஒப்பிட்டது. சி-ஃபாஸ் என்ற மரபணுவை இரண்டுமே தூண்டின. ஈஜிஆர்-1, ஈஜிஆர்-2 என்ற இரண்டையும் எல்.எஸ்.டி. மட்டுமே தூண்டியது. 2ஏ ஏற்பி இல்லாமல் பிறந்த எலிகளிடம் தலை உதறல் இல்லை. அவற்றின் பெருமூளைப் புறணியில் மட்டும் அந்த ஏற்பியை மீட்டுக் கொடுத்ததும் உதறல் திரும்பிவிட்டது. மாயக்காட்சிக்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய சோதனைகள் குறைவு.

அதைவிட வியப்பானது 2021இல் வெளியான ஆய்வு. டி.ஓ.ஐ. என்ற மாயக்காட்சி மருந்தை எலிகளுக்கு ஒரே ஒரு முறை கொடுத்து, 24 மணி, 48 மணி, 7 நாள் என்று இடைவெளி விட்டு பெருமூளைப் புறணியின் முன்பகுதியைப் பரிசோதித்தார்கள். மரபணுக்களின் செயல்பாட்டில் வந்த மாற்றம் பெரும்பாலும் சீக்கிரமே அடங்கிவிட்டது. ஆனால், மரபணுக்களை முடுக்கும் டி.என்.ஏ. பகுதிகளைச் சுற்றியிருந்த வேதிக்குறிகள் ஒரு வாரம் ஆகியும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. போதை தெளிந்து பல நாள் ஆன பிறகும் மருந்தின் தடம் அங்கே இருந்தது. அதே ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் குவான் குழு, சைலோசைபின் என்ற மாயக்காட்சி மருந்தின் ஒற்றை டோஸால், எலியின் நரம்பு செல்கள் ஒன்றோடொன்று இணையும் முட்கள் போன்ற சிறு புடைப்புகள் ஏறக்குறைய 10 சதவீதம் பெருகியதையும், அதில் ஒரு பங்கு ஒரு மாதம் கழித்தும் நிலைத்ததையும் கண்டது. மனச்சோர்வுக்கு ஓரிரு டோஸ் மட்டும் கொடுத்துப் பார்க்கும் மருத்துவச் சோதனைகள் மீதுள்ள நம்பிக்கைக்கு இவையெல்லாம் வலு சேர்க்கின்றன.

அந்த நம்பிக்கை எனக்கும் உண்டு. ஆனால் டி.ஓ.ஐ. தடம் பதித்த இடங்களில் சில, மனச்சோர்வோடு மட்டுமல்ல, மனச்சிதைவு நோயோடும் தொடர்புள்ள மரபணுப் பகுதிகள். மருத்துவச் சோதனைகளில், குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் பொதுவாக ஆளைச் சேர்ப்பதே இல்லை. சேர்ந்தவர்கள் பக்கத்திலும் பயிற்சி பெற்றவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கொடைக்கானலில் திருட்டுத்தனமாக விற்கப்படும் போதைக் காளானில் இருப்பதும் இதே சைலோசைபின்தான். அளவு தெரியாது, பக்கத்தில் மருத்துவரும் கிடையாது. சட்டப்படி அது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். சுற்றுலா போகும் இளைஞர்களே, ஒரே ஒரு முறைதானே என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அந்த எலிகளுக்கும் ஒரே ஒரு முறைதான் கொடுத்தார்கள்.