செய்தி எங்கே முடிகிறது?

அசோக் நகர் மெட்ரோ நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். 2015 ஜூன் 29-ல் கோயம்பேடு–ஆலந்தூர் தடத்துடன் திறக்கப்பட்டது. பயண அட்டையை வைத்தால் வாயில் திறக்கிறதல்லவா? இத்தகைய இயந்திரங்களுக்குள் உள்ள கணிப்பொறிகள் தாம் செய்வதை வரி வரியாகக் குறித்துக் கொள்வதுண்டு. இக்குறிப்பேட்டின் பெயர் 'லாக்'. (கப்பலின் வேகத்தை அளக்க மாலுமிகள் கடலில் வீசிய மரக்கட்டையின் பெயர் அது!)

கணிப்பொறிகள் பல இருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது ஆகாத காரியம். ஆகவே ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய நிரலை அமர்த்துகிறார்கள். 'ஏஜெண்ட்' எனப்படும் இது ஒரு தபால்காரர். எந்தக் கோப்பைப் படிப்பது, எங்கே அனுப்புவது என்று நாம் சொல்லிவிட வேண்டும். எதுவரை படித்தோம் என்பதை அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும்.

சிக்கல் இனிமேல்தான். ஒரு வாயிலின் குறிப்பு இப்படி இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள்:

08:15:02 பிழை: அட்டை ஏற்கப்படவில்லை
   சரிபார்க்கும் பகுதியில்
   காரணம்: இணைப்பு அறுந்தது
08:15:04 வாயில் திறந்தது

எத்தனை நிகழ்ச்சிகள்? இரண்டு என்பீர்கள். ஆனால் வரி முடிந்தால் செய்தி முடிந்தது என்று நினைக்கும் ஏஜெண்ட் நான்காக அனுப்பிவிடும்! நூறு இயந்திரங்களின் செய்திகளோடு கலந்த பிறகு, நேரம் குறிக்காத அந்தக் 'காரணம்' எந்தப் பிழைக்கு உரியது? பழுது பார்ப்பவர் 08:15:02 என்று தேடினால், அவருக்கு மிகவும் வேண்டிய வரியே அகப்படாது.

ஆகவே முடிவைத் தேடாமல் தொடக்கத்தைத் தேட வேண்டும். 'நேரத்தோடு தொடங்கும் வரி புதிய நிகழ்ச்சி. மற்றவற்றை முந்தியதோடு ஒட்டு' என்று விதி எழுதுகிறார்கள்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அடுத்த நிகழ்ச்சி தொடங்கினால்தான் முந்தியது முடிந்ததாகத் தெரியும். கடைசி ரயிலும் போய்விட்டால்? 'ஃபைல்பீட்' என்ற ஏஜெண்ட், வேறு நேரம் குறித்துக் கொடுக்காவிட்டால், 5 விநாடி காத்திருந்துவிட்டு இருப்பதை அனுப்பிவிடும். மெதுவாக எழுதும் இயந்திரமானால் செய்தி நடுவில் வெட்டுப்படலாம்; காத்திருப்பை நீட்டினால் செய்தி தாமதமாகும்.

இன்னொரு வழி, செய்திக்கு முன்னால் அதன் நீளத்தைப் பைட் கணக்கில் எழுதிவிடுவது. 'சிஸ்லாக்' செய்திகளுக்கு இம்முறை 2012-ல் ஏட்டில் விவரிக்கப்பட்டது. இங்கே தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டும். 'அசோக்' மூன்றெழுத்துதான், ஆனால் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட்! அ, ச, ஓகாரக் குறி, க, புள்ளி ஆகிய ஐந்தும் தலைக்கு 3 பைட். மூன்று என்று எழுதினால் முதல் எழுத்தோடு செய்தி முடிந்துவிடும்.

'நகர்' எத்தனை பைட்? கணக்கிட்டுப் பாருங்கள்.